புது கம்பெனியில் முதல் வருடம்: லாரி டிரைவர்களின் கேள்விகளும் பதில்களும்

கனரக வண்டி ஓட்டும் வாசகர்கள், குறிப்பாகச் சமீபத்தில் வேறு கம்பெனிக்கு மாறியவர்கள், அனுப்பிய கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறோம். எடை வரம்பும் வேலை நேரமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். நீங்கள் ஓட்டும் இடத்துச் சட்டம் இங்கே சொல்வதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எட்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். இப்போது புது கம்பெனி, புது வண்டி. முதல் வாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சாலை உங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த வண்டிக்கும் அந்த கம்பெனியின் நடைமுறைக்கும் நீங்கள் புதியவர். வண்டியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து படம் எடுங்கள்: நான்கு மூலைகள், பம்பர், பக்கக் கண்ணாடிகள், டயரின் பக்கச்சுவர்கள், டிரெய்லர் கதவு, கூரையின் முன் விளிம்பு, ஓடோமீட்டர். பழைய கீறல் எதுவானாலும் அன்றைக்கே மெசேஜில் அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து "இந்த அடி எப்படி விழுந்தது?" என்று யாராவது கேட்டால், தேதியோடு இருக்கும் அந்த மெசேஜ்தான் உங்களுக்குத் துணை.

அடுத்து உயரம். காகிதத்தில் இருப்பதை நம்பாமல் அளந்து பாருங்கள். லோடு இறக்கிய டிரெய்லர், லோடு இருந்தபோது நின்றதைவிட உயரமாக நிற்கும். போகும்போது தாராளமாக நுழைந்த பாலத்தில் திரும்பும்போது கூரை இடிப்பது இதனால்தான். காலி உயரத்தை எழுதி, கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள்.

கியர்பாக்ஸ் தானாக மாறும் வகையாக இருந்தால் இன்னொன்று. பெரும்பாலான லாரிகளில் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், அதை இயக்குவது மட்டும் கம்ப்யூட்டர். மேட்டில் வரிசையில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து வைத்தால் கிளட்ச் சூடேறிக் கருகும். பிரேக்கில் நில்லுங்கள். முன்னே இடம் விழுந்த பிறகு ஒரேயடியாக நகருங்கள்.

நடுராத்திரியில் வண்டி நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் பிரேக்கின் ஏர் பிரஷர் குறைந்திருக்கிறது. "எல்லா வண்டியிலும் அப்படித்தான்" என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கவர்னர் (காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) காற்றை வெட்டும்வரை ஏற்றுங்கள். பல வண்டிகளில் இது 120 முதல் 140 பி.எஸ்.ஐ-க்குள் (காற்றழுத்த அலகு) நடக்கும். எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, முள் அசையாமல் நின்ற பிறகு ஒரு நிமிடம் கவனியுங்கள். தனி வண்டியில் 2 பி.எஸ்.ஐ-க்கு மேலும், டிரெய்லர் சேர்ந்த வண்டியில் 3-க்கு மேலும் இறங்கக் கூடாது. பிறகு பெடலை முழுவதும் அழுத்திப் பிடித்து இன்னொரு நிமிடம். இப்போது வரம்பு 3, டிரெய்லரோடு 4.

பெடலை அழுத்தும்போது மட்டும் 'உஸ்' சத்தம் கேட்டால் பிரேக் சேம்பரின் டயஃப்ரம், சர்வீஸ் ஹோஸ், கால் வால்வு ஆகியவற்றில் தேடுங்கள். எப்போதும் கேட்டால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். அப்படியே சாவியை ஆன் செய்து பெடலை மிதித்து மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 60 பி.எஸ்.ஐ வாக்கில் எச்சரிக்கை வரவேண்டும். 45-க்கும் 20-க்கும் நடுவே, காற்று குறைந்தால் ஸ்பிரிங்கின் விசையால் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாக விழ வேண்டும். இந்த இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

ஏர் டேங்கைத் திறந்துவிடும்போது கொஞ்சம் தண்ணீர் வருவது ஏர் டிரையர் களைத்துவிட்டதைச் சொல்லும். எண்ணெய் வந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது. எந்தத் தேதியில் என்ன வந்தது என்று எழுதிக் கொடுங்கள்.

இதுவரை ரிஜிட் லாரிதான் (முன்பகுதியும் சரக்குப் பகுதியும் ஒரே சட்டத்தில் இருப்பது) ஓட்டினேன். இப்போது டிரெய்லர். மாட்டுவதில் என்ன தவறு நடக்கும்?

நடக்கும் தவறுகளில் ஆபத்தானது, மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு கிளம்புவது. டிரெய்லரின் முன்பகுதி, ஃபிஃப்த் வீல் தட்டின் (முன்வண்டியின் மேல் டிரெய்லரைத் தாங்கிப் பூட்டும் தட்டு) மேல் மட்டத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் முன்வண்டி உள்ளே நுழையும்போது டிரெய்லரை லேசாகத் தூக்கி ஏற்றிக்கொள்ளும். டிரெய்லர் உயரமாக நின்றால் அதன் அடியில் நீட்டியிருக்கும் கிங்பின், தட்டின் பூட்டுத் தாடைக்குள் இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். இழுத்துப் பார்த்தால் பிடித்திருப்பது போலவே தோன்றும். முதல் பள்ளத்திலோ திருப்பத்திலோ கழன்றுவிடும்.

அதனால் தட்டைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தி, இறங்கி உயரத்தைப் பாருங்கள். தேவைப்பட்டால் தாங்குகாலைச் சுற்றி இறக்குங்கள் அல்லது ஏற்றுங்கள். மெதுவாகப் பின்னேறி, பூட்டும் சத்தம் கேட்ட பிறகு, டிரெய்லர் பிரேக் பிடித்திருக்க, தாழ்ந்த கியரில் முன்னோக்கி இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு கீழே குனியுங்கள். டிரெய்லரின் அடித்தட்டுக்கும் ஃபிஃப்த் வீலுக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. தாடை, கிங்பினின் ஒடுங்கிய கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். விடுவிக்கும் கைப்பிடி முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். மழையோ இருட்டோ, இழுத்துப் பார்த்தது மட்டுமே போதாது.

அதன் பிறகு ஏர் ஹோஸ், மின் இணைப்பு, கடைசியில் தாங்குகாலை முழுவதும் ஏற்றுவது. இரண்டு ஹோஸ்களையும் மாற்றி மாட்டினால் டிரெய்லர் பிரேக் விடாது. ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லரானால் வண்டி நகர்ந்துவிடும், நிற்க வேண்டிய நேரத்தில்தான் தவறு தெரியும். நிறத்தைப் பார்த்து மாட்டுங்கள்.

கழற்றும்போது தரை கெட்டியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெயிலில் இளகிய தார்த் தரையில் தாங்குகால் புதையும், அதனால் அடியில் பலகை வையுங்கள். காலை இறக்கி, ஹோஸ்களைக் கழற்றி, பூட்டை விடுவித்த பிறகு ஒரேயடியாக வெளியே ஓட்டிப் போக வேண்டாம். தட்டு விலகியதும், முன்வண்டியின் சட்டம் இன்னும் டிரெய்லருக்கு அடியில் இருக்கும்போதே நிறுத்தி, தாங்குகால் எடையைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

லோடு கட்டியது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 10 டன்னுக்கு நாலு பெல்ட் போட்டால் போதும் என்கிறார்கள் பழையவர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலு பெல்ட் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல இடங்களிலும் அடிப்படை அளவு ஏறக்குறைய ஒன்றே. பலமாக பிரேக் போட்டால் முன்னோக்கி, லோடின் எடையில் 80 சதவீத விசையைத் தாங்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம்.

10 டன் லோடு, மரத்தரை, மரப் பேலட். உராய்வு சுமார் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னோக்கி வருவது 8 டன் விசை. உராய்வு மட்டும் பிடித்துக்கொள்வது 3 டன். பாக்கி 5 டன்னை பெல்ட்கள் கொடுக்க வேண்டும். ஆனால் மேலே போட்டு இறுக்கும் பெல்ட் லோடை நேராகப் பிடிப்பதில்லை, தரையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் 0.3 பங்குதான் உராய்வாக மாறும். 5-ஐ 0.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16.7 டன் அழுத்தம் வேண்டும். சாதாரண ராட்செட்டில் கையால் இறுக்கினால் சுமார் 300 கிலோ இழுவிசை. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பெல்ட் 600 கிலோ அழுத்தும், அதுவும் எல்லாம் சரியாக இருந்தால். ஆக 28 பெல்ட். யாரும் அப்படிக் கட்டப்போவதில்லை.

இங்கேதான் பலர் பெல்ட்டின் லேபிளைத் தவறாகப் படிக்கிறார்கள். அதில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 2500 என்ற எண், பெல்ட் அறுந்துபோகாமல் தாங்கும் அளவைச் சொல்வது. பெல்ட் எவ்வளவு அழுத்தும் என்பதைத் தீர்மானிப்பது, ராட்செட் கொடுக்கும் இழுவிசை என்று தனியாகப் போட்டிருக்கும் சிறிய எண்தான்.

தீர்வு இரண்டு. ஒன்று, லோடை முன்சுவரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி வைப்பது. சுவர் அந்த 5 டன்னைத் தாங்கும் வலுவுள்ளதாக இருந்தால் முன்னோக்கிய பிரச்சினை முடிந்தது. ஆனால் பக்கவாட்டுக்கு 5 டன் வேண்டும், உராய்வு தருவது 3, பாக்கி 2. அதற்கே 12 பெல்ட் தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது, பேலட்டுக்கு அடியில் வழுக்காத ரப்பர் பாய் போடுவது. உராய்வு 0.6 ஆகிவிடும். அப்போது பக்கவாட்டில் உராய்வே போதும். முன்னோக்கிக் குறைவது 2 டன்தான், அதற்கு 6 பெல்ட். மெல்லிய ஒரு பாய் 22 பெல்ட்டின் வேலையைச் செய்கிறது. கம்பெனியிடம் முதல் மாதமே கேட்டு வாங்க வேண்டிய பொருள் இது. இந்தக் கணக்கு குறைந்தபட்ச அளவு. தரை ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருந்தால் 0.3-கூடக் கிடைக்காது, பெருக்கித் துடைத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

பெல்ட்டின் கோணமும் முக்கியம். தரைக்கு நேர்குத்தாக இறங்கினால் முழு அழுத்தம். தரையோடு 30 டிகிரி கோணத்தில் சாய்ந்து இறங்கினால் பாதிதான் மிஞ்சும். தட்டையான, தாழ்ந்த லோடுக்கு மேலே பெல்ட் போட்டுப் பயன் குறைவு. முன்னும் பின்னும் கட்டை அடித்து அடைப்பதே வழி. கூர்மையான விளிம்பில் மூலைக்காப்பு வைக்காமல் பெல்ட்டை இறுக்காதீர்கள். முடிச்சுப் போட்ட பெல்ட்டை அறுந்ததாகவே கருதுங்கள். கிளம்பி முதல் 80 கி.மீ-க்குள் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், லோடு அதிர்ந்து உட்காரும்போது பெல்ட் தளர்ந்துவிடும்.

சீல் வைத்துக் கொடுத்த பெட்டி என்றால், ரசீதில் சீல் எண்ணை எழுதி, "ஏற்றியதும் எண்ணியதும் அனுப்புநர், நான் உள்ளே பார்க்கவில்லை" என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிலோமீட்டருக்கு 15 சதவீதம் அதிகம் தருகிறார்கள் என்று நம்பி மாறினேன். மாதக் கடைசியில் கையில் வருவது குறைந்திருக்கிறதே?

காத்திருக்கும் நேரம் தின்றுவிடுகிறது. வாரம் 60 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். பழைய இடத்தில் ஏற்றி இறக்க, காத்திருக்க 15 மணி நேரம் போனால் ஓட்டக் கிடைப்பது 45 மணி. சராசரி 65 கி.மீ வேகத்தில் 2,925 கி.மீ. புது இடத்தில் காத்திருப்பு 24 மணி என்றால் ஓட்டுவது 36 மணி, 2,340 கி.மீ. தூரம் 20 சதவீதம் விழுந்துவிட்டது. விகிதம் 15 சதவீதம் கூடினாலும் 1.15-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.92. பழைய வருமானத்தைவிட 8 சதவீதம் குறைவு. அதே வருமானம் வரவே கிலோமீட்டருக்கு 25 சதவீதம் அதிகம் தந்திருக்க வேண்டும்.

இதைத் தவிர இரண்டு ஓட்டைகள் உண்டு. சம்பளத்துக்கு எடுக்கும் தூரம் மேப்பில் மிகக் குறுகிய வழியா, லாரி உண்மையில் போகக்கூடிய வழியா? காலியாக ஓட்டும் தூரத்துக்கு முழு விகிதமா, பாதியா, ஒன்றுமே இல்லையா?

நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். கேட்டுக்கு வந்த நேரம், ஏற்றும் மேடைக்குப் போன நேரம், விட்ட நேரம், ஓடோமீட்டர், சம்பளச் சீட்டில் காட்டிய தூரம். முடிந்த இடங்களில் கேட் சீட்டில் வந்த நேரத்தைப் போட்டு முத்திரை வாங்குங்கள். எந்த வாடிக்கையாளரிடம் நேரம் சாகிறது என்று அதில் தெரிந்துவிடும். பேசப் போகும்போது விகிதத்தை ஏற்றச் சொல்வதைவிட, "இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கு இவ்வளவு" என்று கேட்பது நல்லது. அந்தப் பணத்தை கம்பெனி வாடிக்கையாளரிடமே வசூலிக்க முடியும் என்பதால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வண்டியை உங்கள் பேரிலேயே தவணைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னால், முதல் வருடத்தில் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. லோடு தருவதும் அவர்கள், தவணை பிடிப்பதும் அவர்கள் என்றால், லோடு குறைகிற மாதத்தின் நஷ்டம் முழுவதும் உங்கள் தலையில் விழும்.

மலை இறக்கத்தில் பிரேக் வாசனை வருகிறது. எங்கே தவறு?

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைக்காததில். 40 டன் வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், 350 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையும் டிரம்முக்குள் போனால் டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகும். பெடல் அழுத்தினாலும் தள்ளுதண்டின் ஓட்டம் முடிந்துவிடும், பிரேக் பிடிக்காது.

எஞ்சின் பிரேக்கோ ரிடார்டரோ (கால் பிரேக் இல்லாமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) வேகத்தைப் பிடித்து வைக்கும் கியரில் மேலேயிருந்தே இறங்குங்கள். கால் பிரேக் துணைக்குத்தான். 40 கி.மீ பாதுகாப்பான வேகம் என்றால், முள் 40-ஐத் தொட்டதும் உறுதியாக அழுத்தி 32-க்குக் கொண்டுவந்து, முழுவதும் விட்டுவிடுங்கள். மறுபடி 40 வந்ததும் அதே போல. லேசாக அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம் ஆற நேரமே கிடைக்காது.

ஈரச் சாலையில் காலி டிரெய்லரோடு போகும்போது மட்டும் எஞ்சின் பிரேக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் அல்லது அணைத்துவிடுங்கள். முன்வண்டியின் ஓட்டும் சக்கரம் வழுக்கினால் டிரெய்லர் தள்ளி மடக்கிவிடும்.

ஆட்புளூவை (புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல்) தவறுதலாக டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால்?

சாவியைத் தொடாதீர்கள். சாவி ஆன் ஆனாலே பல வண்டிகளில் பம்ப் ஓடி, யூரியா கரைசலை இன்ஜெக்டர்வரை கொண்டுபோய்விடும். டேங்கை இறக்கிக் கழுவினால் வேலை அதோடு முடியும். தாமதிக்காமல் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

தூக்கம் வருகிறது, நேரமும் முடிந்துவிட்டது என்றாலும் டிஸ்பேட்சர் (கம்பெனியில் வண்டிகளுக்கு வேலை ஒதுக்குபவர்) "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்கிறார். புதியவன், எப்படி மறுப்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை எடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். மீறினால் கையும் களவுமாகப் பிடிபடுவது டிஸ்பேட்சர் அல்ல, நீங்கள். உடம்பின் கணக்கு சட்டத்தைவிடக் கறாரானது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. 80 கி.மீ வேகத்தில் நான்கு நொடி கண் சொருகினால் வண்டி ஏறக்குறைய 90 மீட்டர் டிரைவர் இல்லாமல் ஓடியிருக்கும்.

மறுப்பை போன் பேச்சில் விடாமல் மெசேஜில் அனுப்புங்கள், வாதம் வேண்டாம். "என் நேரம் 9:40-க்கு முடிகிறது. இப்போது இன்ன இடத்தில் நிறுத்துகிறேன். காலை 7:40-க்குக் கிளம்பினால் 10 மணிக்குச் சேரும். வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள்." நிலைமை, முடிவு, மாற்று நேரம் மூன்றும் இருந்தால் டிஸ்பேட்சருக்கும் அடுத்த வேலையைப் பார்க்க வழி கிடைக்கிறது. தாமதம் தெரிந்த உடனே சொல்வது முக்கியம். கடைசி நேரத்தில் சொன்னால் சரியான மறுப்பும் சாக்காகத் தெரியும்.

சட்டப்படி நேரம் இருந்தும் கண் சொருகினால், காபி குடித்த கையோடு 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும் என்பதால் இரண்டும் ஒன்றாகச் சேரும். எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு ஓட்டுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் தூக்கத்தை விரட்டாது.

ரிவர்ஸில் இரண்டு தடவை இடித்துவிட்டேன்.

இறங்கிப் பாருங்கள். பாதியில் சந்தேகம் வந்தால் மறுபடியும் இறங்குங்கள். முடிந்தவரை உங்கள் ஜன்னல் பக்கம் வளையும்படி வண்டியை முதலில் நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபக்கம் வளைந்தால் டிரெய்லரின் பின் மூலை கண்ணாடியில் தெரியாது. வழிகாட்டும் ஆள் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே நிறுத்துங்கள். பின்னால் பார்க்கும்போது மேலேயும் பாருங்கள், கூரைச் சரிவும் மரக்கிளையும் அங்கேதான் இருக்கும்.

நான்கு மாதம் ஆகிறது, விட்டுவிடலாம் போலிருக்கிறது. ஒரு வருடம் முடிக்கச் சொல்கிறார்கள். எது சரி?

காரணத்தைப் பொறுத்தது. பழுதான பிரேக்கோடு அனுப்புகிறார்கள், நேரக் கணக்கைத் திருத்தச் சொல்கிறார்கள் என்றால் நாளைக்கே விடலாம். வருமானமோ வழித்தடமோதான் குறை என்றால் நோட்டை வைத்துப் பேசிப் பாருங்கள், ஆறாவது மாதம்வரை பாருங்கள். பல கம்பெனிகளும் காப்பீட்டாளர்களும் ஒரே இடத்தில் ஒரு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியிருக்கிறாரா என்று பார்ப்பது உண்மைதான். அதற்காக மட்டும் ஆபத்தான வண்டியில் உட்கார வேண்டியதில்லை.

விடுவதென்றால் வேறு இடத்தில் வேலை எழுத்தில் உறுதியான பிறகு, ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்புக் காலத்தோடு விடுங்கள். பயிற்சிச் செலவைத் திருப்பித் தரும் நிபந்தனை இருக்கிறதா, எத்தனை மாதம்வரை என்று பாருங்கள். வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. அந்தப் பதிவு நெடுநாள் பின்தொடரும். கம்பெனி முற்றத்தில் நிறுத்தி, சேர்ந்த அன்று எடுத்த அதே கோணங்களில் படம் எடுத்து, சாவி, எரிபொருள் அட்டை, பெல்ட்கள், காகிதங்கள் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, வாங்கிக்கொண்டவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடைசிச் சம்பளத்தில் எதையாவது பிடித்தால் எதற்கு, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பாக்கி இருக்கும் டிரிப் ரசீதுகளின் நகலையும் அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள், அவை இல்லை என்பதுதான் பணத்தை நிறுத்தி வைக்க வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.